நீலத்தில் ஒரு தங்கப் பட்டை

1385ஆம் ஆண்டின் கோடைக்காலம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் பெரும்படையோடு ஸ்காட்லாந்து மீது படையெடுத்துக் கிளம்பினார். மன்னருக்கு அப்போது வயது 18. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிரபுக்களும் வீரர்களும் தங்கள் கொடிகளோடும் கேடயங்களோடும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த சர் ரிச்சர்ட் ஸ்க்ரூப்பின் கண்ணில் ஒரு கேடயம் பட்டது. நீல நிறப் பின்னணி. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை குறுக்காக ஓடும் ஒரு தங்கப் பட்டை. அவ்வளவுதான் அதன் அலங்காரம்.

அது ஸ்க்ரூப்பின் குலச்சின்னம். ஆனால் கேடயத்தைப் பிடித்திருந்தவர் ஸ்க்ரூப்பின் ஆள் அல்ல. செஷரைச் சேர்ந்த சர் ராபர்ட் க்ரோவ்னர் என்ற வீரர். (எழுத்தில் நடுவே ஓர் 'எஸ்' உண்டு. உச்சரிப்பில் கிடையாது.)

"இது எங்கள் சின்னம், கழற்று" என்பது ஸ்க்ரூப்பின் கட்சி. "இது எங்கள் பரம்பரைச் சின்னம்" என்பது க்ரோவ்னரின் கட்சி. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து ஆண்டுகள் நடந்தது வழக்கு. அதன் எதிரொலி ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில்கூடக் கேட்டது.

முகம் மறைந்தால் கேடயமே முகம்

ஒரு கேடயத்தின் நிறத்துக்காகவா இத்தனை சண்டை என்று தோன்றலாம். அன்றைய வீரர், போர்க்களத்தில் தலை முதல் கால் வரை இரும்புக்குள் இருப்பார். முகம் தெரியாது. அவர் யார், எந்தக் குடும்பம் என்பதைச் சொல்வது கேடயமும் அங்கியும்தான். பல தலைமுறைகளாக ஒரு குடும்பம் சிந்திய ரத்தத்தின் கணக்கு அந்தப் பட்டையில் இருப்பதாக நம்பினார்கள். ஊர்த் தேரில் முதல் மரியாதை யாருக்கு என்று தாயாதிகள் முட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. 1066ல் பிரான்சின் வடக்குக் கரையான நார்மண்டியிலிருந்து வில்லியம் என்ற கோமகன் கடல் தாண்டி வந்து, அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று, இங்கிலாந்தின் மன்னரானார். அவரோடு வந்தவர்களுக்கு நிலங்கள் பங்கு போடப்பட்டன. அன்று முதல் 'வில்லியமோடு வந்த குடும்பம்' என்பது ஆங்கிலேயப் பெருங்குடும்பங்களின் மிகப் பெரிய பெருமை ஆகிவிட்டது.

இருவரும் அந்தப் பெருமையைத்தான் எடுத்து வைத்தார்கள். வில்லியம் வந்த நாளிலிருந்தே எங்கள் முன்னோர் இந்தச் சின்னத்தைத் தரித்தார்கள் என்றது ஸ்க்ரூப் தரப்பு. க்ரோவ்னர் தரப்பு ஒருபடி மேலே போய் ஒரு பெயரையே சொன்னது: கில்பர்ட். வில்லியமின் உறவினரும் செஸ்டர் பகுதியின் ஆட்சியாளருமான ஹ்யூ லூபஸோடு வந்தவராம் இந்த கில்பர்ட் க்ரோவ்னர்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். 'க்ரோ வெனர்' என்றால் பிரெஞ்சு மொழியில் பெரிய வேட்டைக்காரர். ஓநாயோடு வந்த வேட்டைக்காரர்! கேட்கவே கம்பீரமாகத்தான் இருக்கிறது.

சாட்சிக்கு வந்தவர்கள்

மன்னரின் சித்தப்பா, குளோஸ்டர் கோமகன் தாமஸ் தலைமையில் படைவீரர்களுக்கான தனி நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான சாட்சிகள். பிறப்புச் சான்றிதழோ பதிவு அலுவலகமோ இல்லாத காலம். மனிதர்களின் நினைவும் கண்ணுக்குத் தெரியும் பொருட்களுமே ஆதாரம்.

மடாலயத் தலைவர்கள் வந்தார்கள். தங்கள் கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில், கல்லறையில், பூசை அங்கியில் இந்தச் சின்னத்தைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். பழைய முத்திரைகள் காட்டப்பட்டன. ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த வீரர்களைத் தேடி பிளிமத் துறைமுகத்துக்கே போய் வாக்குமூலம் வாங்கினார்கள். டெவன் பகுதியில் இருந்த சர் ஜான் சல்லி என்ற முதுபெரும் வீரர், தமக்கு வயது 105 என்று சொல்லி, தாம் கண்ட போர்களில் எல்லாம் ஸ்க்ரூப்கள் இந்தச் சின்னத்தோடு வந்ததை நினைவுகூர்ந்தார்.

க்ரோவ்னர் தரப்பில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஒவைன் கிளின்டூர். பின்னாளில், 1400ல், ஆங்கில ஆட்சிக்கு எதிராக வேல்ஸ் நாட்டையே திரட்டி எழுப்பிய அதே கிளின்டூர்.

எல்லோரையும்விடப் புகழ்பெற்ற சாட்சி 1386 அக்டோபர் 15 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் கூண்டேறினார். அவர் ஜெஃப்ரி சாசர். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று பின்னர் பெயர் எடுத்தவர். தமக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, ஆயுதம் ஏந்தி 27 ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் சொன்னார். அவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்பதைக் கணிக்க ஆய்வாளர்கள் இன்றும் நாடுவது இந்த வாக்குமூலத்தைத்தான்.

சாசர் சொன்ன சம்பவம் சுவையானது. லண்டனில் ஃபிரைடே ஸ்ட்ரீட் வழியாக அவர் நடந்து போனபோது, ஒரு விடுதியின் வாசலில் புதிதாக இந்தச் சின்னம் தொங்கியதாம். "இது ஸ்க்ரூப் தங்கும் விடுதியா?" என்று விசாரித்திருக்கிறார். "இல்லை ஐயா, இது க்ரோவ்னருடைய சின்னம்" என்று பதில் வந்ததாம். க்ரோவ்னர் என்ற பெயரையே தாம் கேட்டது அப்போதுதான் என்றார் சாசர். க்ரோவ்னர் தரப்புக்கு அது பலத்த அடி.

ஸ்க்ரூப்பின் பக்கத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அவருடைய தந்தை தலைமை நீதிபதியாக இருந்தவர். வாள் பிடித்து வந்த குடும்பமா, சட்டப் புத்தகம் பிடித்து வந்த குடும்பமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதோடு, கார்ன்வாலைச் சேர்ந்த கார்மினோ என்ற குடும்பமும் இதே நீலத்தில் தங்கப் பட்டையைத் தரித்து வந்தது. பிரான்ஸ் போர்முனையில் முன்பே இதுபற்றிப் பேச்சு வந்தபோது, ஆர்தர் மன்னர் காலத்திலிருந்தே இது எங்களுடையது என்று ஒரே போடாகப் போட்டார்கள் கார்மினோக்கள். கதைகளில் வாழும் ஆர்தரை யார் போய் விசாரிப்பது? இரு குடும்பமும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தகராறு முடிந்திருந்தது.

தோற்றவருக்கு ஒரு கதிர்க்கட்டு

1389ல் தீர்ப்பு வந்தது. சின்னம் ஸ்க்ரூப்புக்கே. க்ரோவ்னர் வேண்டுமானால் சுற்றிலும் வெள்ளைக் கரை போட்டு வித்தியாசப்படுத்தி அணியலாம்.

க்ரோவ்னர் ஏற்கவில்லை. மன்னரிடமே மேல்முறையீடு செய்தார். 1390 மே மாதம் மன்னர் சொன்ன முடிவு இன்னும் கடுமையாக இருந்தது. வெள்ளைக் கரை போட்டால்கூட, ரத்த சம்பந்தமே இல்லாத ஒருவர் ஸ்க்ரூப்பின் கிளைக் குடும்பம் போலத் தோன்றிவிடுவார். ஆகவே க்ரோவ்னர் அந்தச் சின்னத்தை எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது. வழக்குச் செலவும் அவர் தலையில்.

க்ரோவ்னர் புதிய சின்னம் தேர்ந்தெடுத்தார். அதே நீலப் பின்னணி. பட்டை இருந்த இடத்தில் ஒரு தங்கக் கதிர்க்கட்டு. செஸ்டர் ஆட்சியாளர்களோடு தொடர்புடைய சின்னம் அது. இழந்ததை விட்டுவிட்டாலும் ஓநாய் ஹ்யூவின் தொடர்பை விட அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கதிர்க்கட்டு இன்றும் அந்தக் குடும்பத்தின் சின்னத்தில் இருக்கிறது.

வழக்கு முடிந்தது. ஆனால் நீதிமன்றம் முடிவு சொல்லாத ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கில்பர்ட் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

மூலப்பத்திரத்தைத் தேடி

நிலம் வாங்குகிறவர்கள் மூலப்பத்திரம் கேட்பார்கள், வில்லங்கம் பார்ப்பார்கள். நார்மன் பரம்பரை தேடுவதும் ஏறக்குறைய அதே வேலைதான். இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அந்தக் காலத்து எழுத்து ஆதாரம் வேண்டும். ஒரு படி உடைந்தாலும் அதற்கு மேலே ஏற முடியாது.

படிகள் எவை? ஊர்க் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1538ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்கு நிலத்தையும் வரியையும் வழக்கையும்தான் நம்ப வேண்டும்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து, மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தால், அதிகாரிகள் வந்து விசாரணை நடத்துவார்கள். என்ன நிலம், யார் வாரிசு, வாரிசுக்கு என்ன வயது என்று குறிப்பார்கள். வாரிசு சிறுவராக இருந்தால், அவர் பெரியவர் ஆனதும் வயதை நிரூபிக்க ஊர்க்காரர்கள் சாட்சிக்கு வருவார்கள். "அவன் பிறந்த வாரம்தான் என் மகளுக்குக் கல்யாணம்", "அன்றுதான் நான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்" என்கிற மாதிரி நினைவுகள். இப்படிப்பட்ட காகிதங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன.

இன்னும் பின்னால் போனால், மன்னரின் வருவாய்க் கணக்குச் சுருள்களில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டினுடையது. அதற்கும் முன்னால் இருப்பது 1086ன் டூம்ஸ்டே நூல். வெற்றி பெற்ற வில்லியம் தன் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று கணக்கெடுத்த மாபெரும் பதிவேடு அது. சுமார் 13,000 ஊர்கள் அதில் இருக்கின்றன.

இங்கேதான் தேடுபவர்கள் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அப்போது குடும்பப் பெயர் என்பதே நிலைபெறவில்லை. வில்லியம், ராபர்ட், ஹ்யூ, ரால்ஃப் என்று ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு நார்மண்டியில் இருந்த சொந்த ஊர் பெயரோடு ஒட்டியது. பிரிக்ஸ் என்ற ஊரிலிருந்து புரூஸ், மோன்பிரே என்ற ஊரிலிருந்து மோப்ரே. சிலருக்குத் தொழில் பெயரானது. அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர், மகனுக்கு வேறு என்பதும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே குடும்பம் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

டூம்ஸ்டே நூலின் செஷர் பக்கங்களில் 'வேட்டைக்காரர் கில்பர்ட்' என்று ஒருவர் இருக்கிறார்! அகப்பட்டுவிட்டார் என்று துள்ளத் தோன்றும். ஆனால் அவர் வேறு கில்பர்ட். கிண்டர்ட்டன் என்ற ஊரை வைத்திருந்த வெனபிள்ஸ் குடும்பத்தின் முன்னோர் அவர் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. க்ரோவ்னர்களின் கில்பர்ட்டுக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை.

ஆவணங்களில் க்ரோவ்னர்கள் தலைகாட்டுவது 12ஆம் நூற்றாண்டில், செஸ்டர் ஆட்சியாளரிடம் நிலம் பெற்றவர்களாக. பழைய குடும்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஹேஸ்டிங்ஸ் போருக்கும் அந்த முதல் ஆவணத்துக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தின் மீது போடப்பட்ட பலகைதான் கில்பர்ட்.

பலகை போட்டவர்கள்

இப்படிப் பலகை போட்டது ஒரு குடும்பம் மட்டும் இல்லை. வில்லியமோடு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று உண்டு. போர் நடந்த இடத்தில் எழுப்பிய மடத்தில் வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் பட்டியல். மூலம் கிடைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நகல்களில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. எந்தப் பெயர் எப்போது நுழைந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்தக் காலத்தவரின் எழுத்திலிருந்து பெயர் சொல்லி நிரூபிக்கக்கூடியவர்கள் யார் என்று கறாராகக் கேட்டால், பல்லாயிரம் பேர் கொண்ட அந்தப் படையில் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள்.

1530 முதல் 1688 வரை, குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, வம்சாவளிகளைச் சரிபார்த்து எழுதினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் புதிதாகப் பணம் சேர்த்த குடும்பங்கள், வருகிற அதிகாரிக்கு முன்னால் பழைய முன்னோரோடு நிற்க ஆசைப்பட்டன. பக்கிங்ஹாம்‌ஷயரின் ஹியூண்டன் கிராமத்து வெல்ஸ்பர்ன் குடும்பம், 13ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சைமன் டி மான்ஃபோர்ட்டின் வழிவந்ததாகக் காட்டிக்கொள்ள, பழங்கால வீரர் சிலைகளையே போலியாகச் செதுக்கி ஊர்க் கோயிலில் வைத்தது. டென்பி பிரபுக்களின் ஃபீல்டிங் குடும்பம், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கிளை என்று சொல்லிக்கொண்டது. அதற்கான பத்திரங்கள் போலி என்று ஜே.ஹெச். ரவுண்ட் என்ற வரலாற்றாளர் பின்னாளில் போட்டு உடைத்தார்.

ரவுண்ட் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்த வேலை பலருக்குக் கசந்தது. தாத்தா காலத்திலிருந்து சுவரில் தொங்கும் வம்ச மரத்தின் வேரை யாரோ வந்து வெட்டினால் யாருக்குத்தான் கசக்காது? நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தானோ என்னவோ.

இதில் இன்னொரு வேடிக்கையான கணக்கும் இருக்கிறது. ஒருவருக்குப் பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அதற்கு மேல் 8. இப்படி 30 தலைமுறை ஏறினால், அதாவது ஏறக்குறைய 1066 காலம் வரை போனால், 100 கோடிக்கு மேல் முன்னோர் வேண்டும். அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகையோ 20 லட்சம் அளவில்தான் என்பது பொதுவான கணிப்பு. ஆக, அதே மனிதர்கள் ஒரே மரத்தில் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இன்றைய ஆங்கிலேயர்களில் பெரும்பாலோரின் மரத்தில் எங்காவது ஒரு நார்மன் பிரபு இருக்கத்தான் செய்வார். அவரை உழவு செய்தவரும் மாடு மேய்த்தவரும் சூழ்ந்திருப்பார்கள். முன்னோர் எல்லோருக்கும் உண்டு, பத்திரம்தான் சிலருக்கு மட்டும்.

பன்னிரண்டு வயதுப் பெண்

சரி, கில்பர்ட் இல்லை. பிறகு எப்படி க்ரோவ்னர் குடும்பம் பிரிட்டனின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பங்களில் ஒன்றானது? அதற்குக் காரணம் எந்த நார்மன் வீரரும் அல்ல. ஒரு சிறுமி.

லண்டனில் அலெக்ஸாண்டர் டேவிஸ் என்று ஒருவர் இருந்தார். பத்திரம் எழுதுவது தொழில். வட்டித் தொழிலில் பெரும்பணம் சேர்த்த ஹ்யூ ஆட்லி என்ற உறவினர் 1662ல் இறந்தபோது, லண்டன் நகருக்கு மேற்கே இருந்த நிலத்தில் டேவிஸுக்கும் பங்கு வந்தது. 1665ல் லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியது. அதில் டேவிஸ் இறந்தார். கைக்குழந்தையாக இருந்த அவருடைய ஒரே மகள் மேரி வாரிசானாள்.

சுமார் 500 ஏக்கர். அன்றைக்கு அது மேய்ச்சல் நிலமும் சதுப்பும்தான். ஆனால் நகரம் மேற்கே வளரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிறுமிக்கு வரன்கள் வரிசை கட்டின. ஒரு பிரபு வீட்டுச் சம்பந்தம் பேசி முறிந்தது. 1677ல், 12 வயதில், மேரிக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை செஷரைச் சேர்ந்த சர் தாமஸ் க்ரோவ்னர். அவருக்கு வயது 21.

மேரியின் வாழ்க்கையை நினைத்தால் மனம் கனக்கிறது. 1700ல் கணவர் இறந்தார். மறு ஆண்டு பாரிஸ் போயிருந்தபோது, தனக்கும் மேரிக்கும் திருமணம் ஆகிவிட்டது என்று எட்வர்ட் ஃபென்விக் என்பவர் கிளம்பினார். மயக்க மருந்து கொடுத்து நடத்திய நாடகம் என்பது மேரியின் தரப்பு. பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுபட்டு, அந்தத் திருமணம் செல்லாது என்று 1705ல் முடிவானது. அதே ஆண்டு மேரி சித்தசுவாதீனம் இல்லாதவர் என்றும் அறிவிக்கப்பட்டார். 1730ல் இறக்கும் வரை அவருடைய வாழ்வும் சொத்தும் பிறர் கையில்தான்.

அவர் கொண்டு வந்த நிலம்தான் இன்றைய மேஃபேர், பெல்கிரேவியா. உலகின் மிக விலையுயர்ந்த வீட்டுமனைகள் இருக்கும் இடம். அமெரிக்கத் தூதரகம் பல ஆண்டுகள் இருந்த க்ரோவ்னர் ஸ்கொயர் அங்கேதான். 1874ல் விக்டோரியா மகாராணி அந்தக் குடும்பத் தலைவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் பட்டம் கொடுத்தார்.

வென்ற ஸ்க்ரூப்களின் கதையும் ஒரு பெண்ணிடம்தான் போய் முடிகிறது. போல்டன் கோட்டையை ஆண்ட ஸ்க்ரூப் பிரபுக்களின் நேரடி வரிசை 1630ல், இமானுவேல் ஸ்க்ரூப்போடு அறுந்தது. முறைப்படி மணந்த மனைவி மூலம் அவருக்கு வாரிசு இல்லை. கோட்டையும் நிலமும், திருமண உறவுக்கு வெளியே பிறந்த அவருடைய மகள் மேரியின் வழியாக, அவள் மணந்த பாலெட் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எந்த ரத்தத்தின் தூய்மைக்காக ஐந்து ஆண்டு வழக்காடினார்களோ, அந்த ரத்தம் ஊர் ஏற்காத ஒரு மகளால்தான் அந்தக் கோட்டையில் தொடர்ந்தது.

ஆங்கிலேய வம்சாவளிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். மகன் இல்லாமல் போனால் நிலம் மகள்களுக்குச் சமமாகப் பிரியும். அவர்கள் கணவனின் பெயருக்குள் போய்விடுவார்கள். குடும்பம் 'அழிந்தது' என்று புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். பேரன் பேத்திகளோ வேறு பெயரில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். நார்மன் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர்கள், அப்பா பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடுவது அதனால்தான்.

குதிரைக்கும் வம்சம் உண்டு

முதல் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் முழுப் பெயர் ஹ்யூ லூபஸ் க்ரோவ்னர். ஆம், அதே ஓநாய் ஹ்யூவின் பெயரைத்தான் பெற்றோர் வைத்திருந்தார்கள். செஷரில் உள்ள தம் மாளிகையின் முன் அந்தப் பழைய ஹ்யூவுக்குக் குதிரை மீதமர்ந்த பிரம்மாண்டமான சிலையும் வைத்தார் டியூக்.

குலச்சின்னங்களுக்கு என்றே பழைய பிரெஞ்சுச் சொற்கள் இருக்கின்றன. குறுக்குப் பட்டை என்றால் 'பெண்ட்'. தங்கம் என்றால் 'ஓர்'. டியூக் தம் பந்தயக் குதிரை ஒன்றுக்கு 'பெண்ட் ஓர்' என்று பெயர் வைத்தார். 490 ஆண்டுகளுக்கு முன் பறிபோன சின்னம் குதிரையின் பெயராகத் திரும்பி வந்தது! 1880ல் அந்தக் குதிரை புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தில், காயம்பட்ட கையோடு ஃபிரெட் ஆர்ச்சர் ஓட்ட, ஒரு தலை நீளத்தில் வென்றது. டியூக்கின் பேரனைக்கூட ஊரே 'பெண்டோர்' என்று செல்லமாக அழைத்தது.

வென்ற சில வாரங்களில் ஒரு புகார் கிளம்பியது. 'இது பெண்ட் ஓர் இல்லை. குட்டியாக இருந்தபோது டாட்கேஸ்டர் என்ற இன்னொரு குதிரையோடு மாறிவிட்டது' என்றார் இரண்டாவதாக வந்த குதிரையின் உரிமையாளர். பந்தய அதிகாரிகள் விசாரித்துப் புகாரைத் தள்ளுபடி செய்தார்கள். வெற்றி நிலைத்தது. பெண்ட் ஓர் பல குட்டிகளுக்குத் தகப்பனானது. இன்று உலகில் ஓடும் உயர்ரகப் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி அதனிடம் போய்ச் சேர்கிறது.

அதன் எலும்புகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. விஞ்ஞானிகள் அதிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து, 2012ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது தாயிடமிருந்து மட்டுமே குட்டிக்கு வரும் மரபணு. பெண்ட் ஓரின் தாய் என்று பதிவேட்டில் இருந்த குதிரையின் வழியோடு அது ஒத்துப்போகவில்லை. டாட்கேஸ்டரின் தாய்வழியோடு ஒத்துப்போனது. 1880ல் தள்ளுபடியான புகார் பெரும்பாலும் உண்மைதான் என்றாகிவிட்டது. பதிவேடு சொன்ன பரம்பரையைத் தாய் கொடுத்த மரபணு திருத்தி எழுதியது.

செல்பேசியில் லண்டன் வரைபடத்தைத் திறந்து க்ரோவ்னர் ஸ்கொயரைத் தேடிப் பாருங்கள். அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு தெரு, பெயர் டேவிஸ் ஸ்ட்ரீட். பத்திரம் எழுதியவரின் குடும்பப் பெயர் அது. ஓநாய் ஹ்யூவுக்குச் சிலை வைத்த குடும்பம், பன்னிரண்டு வயதில் மணக்கோலம் பூண்டு தன் நிலத்தையெல்லாம் கொண்டு வந்த பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை ஒரு தெருவுக்காவது வைத்தது. வம்சம் தேடிப் புறப்படுகிறவர்கள் முதலில் நடந்து பார்க்க வேண்டிய தெரு அது.